ட்ரம்மர் தேவைப்படாத ஜெபசீலன்

"ஆண்டவர் வானத்தையும் பூமியையும் படைச்சப்போ பக்கத்துல ட்ரம்மர் யாரையும் உக்கார வெச்சுக்கல. தனியாத்தான் செஞ்சார். நல்லாத்தான் வந்துச்சு. நானும் இன்னையிலேர்ந்து அப்படித்தான். இனிமே என் மேடையில என்னைத் தவிர ஆள் தேவையில்ல."

இந்தப் பிரகடனம் வெளியான இடம் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். வெளியிட்டவர் சேலையூர் ஜெபசீலன், கீபோர்டு கலைஞர். மண்டபம் நிறையக் கூட்டம் இருந்தது. ஆனால் பந்தி எப்போது ஆரம்பிக்கும் என்ற ஆழ்ந்த விசாரத்தில் எல்லோரும் மூழ்கியிருந்ததால், உலக இசை வரலாற்றின் இந்தத் திருப்புமுனையை ஒருவரும் கவனிக்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆயர் மட்டும் கவனித்தார். ஆண்டவரே மூவர் சேர்ந்த ஏற்பாடுதான் என்று ஆண்டு தவறாமல் பிரசங்கம் செய்கிறவர் என்பதால் அவருக்குள் ஒரு சின்ன ஆட்சேபம் எழுந்தது. அந்தச் சமயம் பார்த்து யாரோ அவர் கையில் ஐஸ்கிரீம் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டார்கள். உபதேசம் உருகாது, ஐஸ்கிரீம் உருகும் என்பதால் அவர் முதலில் அதைக் கவனித்தார்.

அந்த நாள்வரை ஜெபசீலன் ஒரு குழுவில் இருந்தார். சாரோன் இன்னிசைக் குழு. பெயரைக் கேட்டு ஐம்பது பேர் என்று நினைத்துவிடக் கூடாது. நான்கு பேர்தான். கீபோர்டு, ஜெபசீலன். பேஸ் கிட்டார், பள்ளிக்கரணை பிரிட்டோ. ட்ரம்ஸ், குன்றத்தூர் மாரி. பாட்டு, மெட்டில்டா. மெட்டில்டா பள்ளிக்கூட டீச்சர், சபையின் பாடகர் குழுவான கொயரில் முதல் குரல், அதோடு ஜெபசீலனின் மனைவி. பொத்தேரி காலேஜ் விழா முதல் பல்லாவரத்தில் ஐம்பதாம் கல்யாண நாள் வரை நால்வரும் ஒரே மாருதி வேனில் போய்வந்தார்கள்.

பெரிய மனிதர்கள் எல்லோரும் சின்ன மனிதர்களால் தொல்லைப்பட்டவர்கள்தான். ஜெபசீலனும் பட்டார். மாரி எப்போதும் தாமதமாக வருவான். கிருத்திகை என்றால் வரவே மாட்டான், மலைமேல் முருகனுக்கு முன்னால் நிற்பான். தாம்பரத்துக் கிறிஸ்தவர்களோ நற்செய்திக் கூட்டத்தை வைப்பதென்றால் எங்கிருந்தோ தேடிப்பிடித்து கிருத்திகை அன்றைக்குத்தான் வைப்பார்கள். பிரிட்டோவுக்கு நேரம் தவறாது, வாய்தான் தவறும். "அண்ணே, இந்த இடத்துல உங்க கார்டு தப்பு" என்று மைக் திறந்திருக்கும்போதே சொல்வான். அவர் பிடித்த அந்தச் சுரக்கூட்டு தப்பாகவும் இருந்து தொலைக்கும். மெட்டில்டா இருக்கிறாளே, அவள் வரியின் நடுவில் தனக்குத் தோன்றிய இடத்தில் மூச்சு விடுவாள். அவள் விட்டு முடிக்கும்வரை மூன்று ஆண்கள் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

அப்போதுதான் அந்தக் கீபோர்டு வந்தது. இடது கையால் ஒரு கார்டைப் பிடித்தால் போதும், உள்ளேயிருந்து ட்ரம்ஸ் அடிக்கும், பேஸ் முழங்கும், பத்து வயலின் கிளம்பும். கூடவே காலடியில் வைத்துக்கொள்ள ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு குரலை விட்டால் நான்கு குரலாக வெளியே வரும். இதற்குப் பிரியாணி வேண்டாம். கிருத்திகை தெரியாது. கார்டு தப்பு என்று சொல்லாது, தப்பான கார்டையே பத்து வயலினோடு கம்பீரமாக வாசித்துக் காட்டும். ஒரு தலைவனுக்கு இதைவிட நல்ல தொண்டர்கள் கிடைப்பார்களா?

குழுவைக் கலைப்பதற்குக் கூட்டம் எதுவும் போடவில்லை. அந்தக் கல்யாணத்தன்று, சனிக்கிழமை காலை, குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து மாரியை நீக்கினார். பிறகு பிரிட்டோவை. பிறகு, ஒரு ஒழுங்குக்காக, மெட்டில்டாவையும். அவள் அப்போது அடுப்படியில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். போன் சிணுங்கியதும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்னையும் எடுத்துட்டீங்களா?"

"எல்லாரையும் எடுத்தாத்தான் குரூப்பை மூட முடியும், மெட்டில்டா."

"மூடலையே. நீங்க உள்ளயே இருக்கீங்களே."

சாரோன் இன்னிசைக் குழு இன்றும் அவர் போனில் இருக்கிறது. உறுப்பினர் ஒருவர். அவரே நிர்வாகி.

பேனர் மாறியது. ஜெபசீலன், ஒன் மேன் ஆர்க்கெஸ்ட்ரா. அதில் அவர் படமே நான்கு முறை இருந்தது, நான்கு நிறச் சட்டையில். தொழிலும் பெருகியது. ஞானஸ்நானம், பிறந்தநாள், சபையின் பெண்கள் ஐக்கிய சங்க ஆண்டு விழா. எல்லாவற்றையும்விட, சாவு. பெருங்களத்தூரிலிருந்து மேடவாக்கம்வரை கிறிஸ்தவர் வீட்டில் ஒருவர் கண்ணை மூடினால் முதல் போன் ஐஸ் பெட்டிக்காரருக்கு, இரண்டாவது ஷாமியானாக்காரருக்கு, மூன்றாவது ஜெபசீலனுக்கு என்று ஆயிற்று. ஆயர் வந்து ஜெபம் செய்து பெட்டியை எடுக்கும்வரை துக்க வீட்டில் பாட்டு ஓயக் கூடாது. அதற்கு ஒரு வாத்தியம் வேண்டும்.

துக்க வீட்டு வாசிப்பில் ஒரு நுட்பம் உண்டு. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே தாம்பரம் ஸ்டேஷனில் நெல்லை வண்டியைவிட்டு இறங்கிய தங்கையோ அத்தையோ தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வருவார்கள். அப்போது பாட்டை அப்படியே நிறுத்திவிட வேண்டும். வந்தவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுது, ஒப்பாரி சொல்லி, யாராவது தண்ணீர் கொடுத்து ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். நிறுத்தத் தாமதித்தால் மரியாதைக் குறைவு. சீக்கிரம் தொடங்கினால் அதைவிட மோசம். இதில் ஜெபசீலனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. முதல் விசும்பல் கேட்கும்போதே அவர் விரல் பட்டனில் இருக்கும். அழுகை ஓயும் நேரத்தை மழை ஓயும் நேரம் மாதிரி முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

இப்படி ஊரார் சாவை எல்லாம் சீராக நடத்திவைத்துக்கொண்டிருந்தபோது மெட்டில்டாவுக்கு வயிற்றில் வலி வந்தது. முதலில் வாயு என்றார்கள், பிறகு புண் என்றார்கள். பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எதுவும் சொல்லாமல் ஸ்கேன் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள். கீமோ என்றார்கள், முடி கொட்டியது. கடைசியில் ஒரு டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லா பாத்துக்குங்க சார், பிடிச்சதைக் கொடுங்க" என்றார். இந்த வாக்கியத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரே அர்த்தம்தான்.

அவளுக்குப் பிடித்தது எதுவும் வயிற்றில் தங்கவில்லை.

மகள் ஜெரூஷா சோழிங்கநல்லூர் கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கி, ஒரு காதில் மீட்டிங்கையும் மறு காதில் அம்மாவின் முனகலையும் வைத்துக்கொண்டாள். ஜெபசீலன் காலையில் யாராவது ஒருவர் வீட்டு ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துவிட்டு, மத்தியானம் தன் வீட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார். இரண்டுக்கும் நடுவே சட்டையை மட்டும் மாற்றிக்கொள்வார்.

ஒரு மத்தியானம் மெட்டில்டா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"என்னங்க. என் அடக்கத்துக்கு அந்த மெஷின் வேண்டாம்."

"அதெல்லாம் இப்ப எதுக்குப் பேசற?"

"இப்பப் பேசாம அப்புறம் எப்படிப் பேசறது? மாரியும் பிரிட்டோவும் வாசிக்கணும். அந்த ஞானப்பாட்டு, உங்களுக்குத் தெரியும், நாலு குரல்ல பாடணும். நாலு ஆளுங்க குரல். உங்க குரலே நாலு தடவை இல்ல."

"சரி, நான் பாத்துக்கறேன்."

தமிழ்க் கணவர்கள் "நான் பாத்துக்கறேன்" என்று சொல்வது ஒரு காரியத்தை எடுத்து மச்சில் போடுவதற்குச் சமம். இருபத்தைந்து வருஷம் குடித்தனம் செய்த மெட்டில்டாவுக்கு அது தெரியும். அதனால் மறுநாளும் கேட்டாள். "அவங்ககிட்ட நீங்களே போய்க் கேளுங்க. ஜெரூஷாவை விட்டுக் கேக்காதீங்க."

ஆகவே ஜெபசீலன் ஸ்கூட்டரை எடுத்தார். வேளச்சேரி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே புகுந்து பள்ளிக்கரணைக்குப் போனார். பிரிட்டோ இப்போது கார் ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டிருந்தார். அவன் வீடு இருக்கும் சந்து தெரியும். அந்தச் சந்துக்கு எதிரே, சதுப்பு நிலத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தினார். தண்ணீரில் பெரிய பெரிய வெள்ளைப் பறவைகள் கூட்டமாக நின்றுகொண்டிருந்தன. போய்க் கதவைத் தட்டி என்ன சொல்வது? "பிரிட்டோ, நான் உன்னை நீக்கினேன், நீ வந்து வாசி" என்றா? "மெட்டில்டா சாகப்போறா, தேதி சொல்றேன், ப்ரீயா இரு" என்றா? பல வசனங்களைச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் அவர் கேட்கிறவராகவும் பிரிட்டோ கொடுக்கிறவனாகவும் இருந்தார்கள். அது அவருக்கு ஒத்துவரவில்லை. வெயில் ஏறியதும் வண்டியைத் திருப்பினார்.

"போனேன் மெட்டில்டா. வீடு பூட்டிக் கிடக்கு. பிரிட்டோ ஊர்ல இல்லையாம்."

"அப்படியா" என்றாள் மெட்டில்டா.

அடுப்படிக்குப் போனபோது ஜெரூஷா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். "அப்பா, நீங்க இல்லாதப்போ பிரிட்டோ அங்கிள் வந்திருந்தார். ரொம்ப நேரம் அம்மா பக்கத்துல உக்காந்திருந்தார். இப்பத்தான் போறார். வழியில பாக்கலையா?"

ஜெபசீலன் குடிதண்ணீர் கேன் இருந்த மூலையை வெகுநேரம் ஆராய்ந்தார்.

பொய் வெளிப்பட்ட ஒரு மனிதன் செய்யக்கூடியவை இரண்டு. போய் மன்னிப்புக் கேட்கலாம், அல்லது கோபித்துக்கொள்ளலாம். ஜெபசீலன் கலைஞர் என்பதால் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்த ஞானப்பாட்டைக் கீபோர்டிலேயே முழுசாகப் பதிவுசெய்து வைத்துவிடுவது. அடக்கத்தன்று புருஷன் பெட்டியின் தலைமாட்டில் நிற்க வேண்டும், வாத்தியத்துக்குப் பின்னால் உட்கார முடியாது. ஆகவே நான்கு சரணமும், வயலினும், தன் குரலே நான்காகவும், எல்லாம் தயாராக உள்ளே இருக்க வேண்டியது. அன்றைக்குப் பட்டனைத் தட்டினால் போதும். இதைவிட மனைவிக்கு ஒருவன் என்ன செய்துவிட முடியும்?

முன்னறையில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். உள்ளறையில் படுத்திருப்பவளுக்குக் கேட்கக் கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருந்தார். ஹெட்போன் மாட்டிய கீபோர்டில் இசை வெளியே வராதுதான். ஆனால் கட்டைகளின் சத்தம் வரும். டொக், டொக், டொடொக் என்று பிளாஸ்டிக் சத்தம். வாசிக்கிறவர் காதில் பத்து வயலின் இருப்பதால் அது அவருக்கு மட்டும் தெரியாது.

குரலைப் பதிவுசெய்ய மட்டும், பாவம், பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாடினார்.

சாயங்காலம் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது மெட்டில்டா சொன்னாள்: "வேகமா போறீங்க."

"என்ன?"

"அந்தப் பாட்டு. அவ்வளவு வேகமா பாடினா யாரும் கூடப் பாட முடியாது. துக்க வீட்ல ஜனங்க இழுத்துத்தான் பாடுவாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

ஜெபசீலன் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தன் சாவுக்கு ஒத்திகை நடப்பதை ஒரு முழு நாளும் கட்டைச் சத்தத்திலேயே கேட்டுக்கொண்டு படுத்திருந்தவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அவர் கரண்டியை நீட்டினார். அவள் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு விடியலில், ஜெரூஷா தலையணையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே, மெட்டில்டா போய்விட்டாள்.

ஐஸ் பெட்டிக்காரர் வந்தார். ஷாமியானாக்காரர் வந்தார். மூன்றாவது போனுக்கு அவசியம் இல்லை. தெருவை அடைத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள். நல்ல காரியத்துக்குத்தான் அழைப்பு வேண்டும், சாவுக்கு வேண்டாம் என்பதால் யாரும் சொல்லாமலே மாரியும் பிரிட்டோவும் வந்திருந்தார்கள். மாரி ரோஜா மாலையைப் போட்டுவிட்டு, "யக்கா" என்று ஒரே ஒரு தரம் சொல்லிவிட்டு, வெளியே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். பிரிட்டோ அவனுக்குப் பக்கத்தில். இருவரும் ஜெபசீலனின் கையைப் பிடித்தார்கள், விட்டார்கள். வாசிக்கிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. துக்க வீட்டில் வாத்தியத்தை எடுக்க வீட்டுக்காரர் கேட்க வேண்டும். கேட்காமல் எடுத்தால் அது கச்சேரி.

வீட்டுக்காரர் கேட்கவில்லை. முன்னறையில் கீபோர்டு வெள்ளைத் துணி போட்ட மேஜைமேல் தயாராக இருந்தது. இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். கொயர்ப் பெண்கள் நான்கைந்து பேர் பாட்டுப் புத்தகத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெபசீலன் பட்டனைத் தட்டிவிட்டு, பெட்டியின் தலைமாட்டில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வயலின்கள் கிளம்பின. பிறகு நான்கு ஜெபசீலன்கள் பாட ஆரம்பித்தார்கள். ஐந்தாவது ஜெபசீலன் வாயை மூடிக்கொண்டு நின்றார். கொயர்ப் பெண்கள் சேர்ந்து பாடப் பார்த்தார்கள். மெட்டில்டா சொன்னது சரிதான், ஜனங்கள் இழுத்தார்கள். இரண்டாம் வரியை அவர்கள் முடிப்பதற்குள் மெஷின் மூன்றாம் வரிக்குப் போய்விட்டது. துரத்திப் பிடிக்க முயன்றார்கள். துக்க வீட்டில் ஓடிப்பிடித்து விளையாடுவது கஷ்டம். இரண்டாம் சரணத்தில் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். நான்கு ஜெபசீலன்களும் யாரையும் திரும்பிப் பார்க்காமல் உற்சாகமாக முன்னேறினார்கள்.

அப்போதுதான் மெட்டில்டாவின் தங்கை பிளஸ்ஸி வந்தாள். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ. தெருமுனையிலேயே குரல் கேட்டது. "அக்கா, என்னை விட்டுட்டியே அக்கா" என்று நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடிவந்து பெட்டியின்மேல் விழுந்தாள். கொயர்ப் பெண்கள் வழக்கப்படி புத்தகத்தை மூடினார்கள். வெளியே பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். தெருவில் போன கீரைக்காரிகூட நிறுத்தினாள்.

மெஷின் நிறுத்தவில்லை. மூன்றாம் சரணத்துக்கு அது ட்ரம்ஸ் சேர்க்க வேண்டும் என்று ஜெபசீலனே ஏற்பாடு செய்து வைத்திருந்தார். பிளஸ்ஸி நெஞ்சில் அடித்துக்கொண்ட ஒவ்வொரு அடிக்கும் நடுவே அது சுத்தமாகத் தாளம் போட்டது.

"அப்பா" என்றாள் ஜெரூஷா. "அப்பா, நிறுத்துங்க."

ஊரார் வீடுகளில் முதல் விசும்பலுக்கே விரல் போகும் மனிதருக்கு, தன் வீட்டில் கால் நகரவில்லை. நகர்ந்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவசரமாக ஒரு பட்டனை அமுக்கினார். அது நிறுத்தும் பட்டன் இல்லை. ஒரு கணம் அமைதி. பிறகு பாட்டு முதலிலிருந்து, பத்து வயலினோடு, மறுபடி தொடங்கியது. யாரோ ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். பிளஸ்ஸி அழுவதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அத்தான், என்ன அத்தான் இது" என்றாள் மெல்ல.

ஜெபசீலன் குனிந்து சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினார்.

வீட்டுக்குள் ஐஸ் பெட்டியின் உறுமல் மட்டும் இருந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஆயர் வர இன்னும் நேரம் இருந்தது, பாட்டு இல்லாத நேரம். சிவந்த கண்ணோடு அவர் வாசலைத் தாண்டி, செருப்புக் குவியலைத் தாண்டி, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்தார். இரங்கல் சொல்ல நீண்ட கைகளைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் நின்றார்.

பிரிட்டோ நிமிர்ந்தான். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான். "என்னண்ணே. மெஷினுக்கு மூச்சு வாங்குதா?"

"பிரிட்டோ. மாரி." ஜெபசீலன் முன்னாலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "வாசிக்கிறீங்களா?"

"யாருண்ணா கேக்கறது?" என்றான் மாரி. "எங்கள குரூப்லேர்ந்து தூக்கினாரே, அவுரா? அந்த ஆளாண்ட எங்களுக்கு இன்னா வேல கீது?"

"நான்தான் கேக்கறேன், மாரி."

"ஒரு போன்கூட இல்ல. இத்தினி வருசமா வந்துகினு போய்கினு இருந்த வூடு. என்னாச்சு ஏதாச்சுன்னு ஒரு வார்த்த சொன்னியாண்ணா நீ?"

"இல்ல" என்றார் ஜெபசீலன்.

முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்காததுபோல் முதுகால் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிரிட்டோ கார் சாவியை விரலில் சுற்றினான். "அன்னைக்கு வந்தப்போ அக்காகிட்ட நானே சொன்னேன், நான் வாசிக்கிறேன்க்கான்னு. வேண்டாம்னுட்டாங்க. 'அவர் கேப்பார். கேட்டா வாசி. கேக்கலேன்னா ஒண்ணும் சொல்லாத, சும்மா உக்காந்துட்டு, டீ குடிச்சிட்டுப் போயிடு'ன்னாங்க. காலையிலேர்ந்து ரெண்டு டீ குடிச்சாச்சு."

ஜெபசீலன் குனிந்து அவன் காலடியில் கிடந்த காலி டீக் கப்புகளை எடுத்தார்.

"கிட்டார் கார்லதான் இருக்கு" என்று பிரிட்டோ எழுந்தான்.

மாரியும் எழுந்தான். "அக்காவுக்கு வாசிக்கிறோம். உனுக்கு இல்ல. அத்த தெரிஞ்சுக்கோண்ணா."

"தெரியும்."

மாரி எதுவும் கொண்டுவரவில்லை. முன்னறையில் கீபோர்டின் காலிப் பெட்டி சுவரோரம் சாய்ந்திருந்தது. அதை எடுத்துக் கவிழ்த்து, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் தட்டிப் பார்த்தான். மேஜைமேல் இருந்த கீபோர்டை யாரோ ஓரமாக நகர்த்தி, அந்த இடத்தில் தண்ணீர்ச் சொம்பை வைத்தார்கள். வயர் பிடுங்கப்பட்ட இடத்தில் பிரிட்டோ காரிலிருந்து எடுத்துவந்த தன் ஆம்ப்ளிஃபயரைச் சொருகினான். மெட்டில்டாவின் குரலை யார் பாடுவது என்ற கேள்வி வந்தது. கொயர்ப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜெரூஷா தலைமுடியை முடிந்துகொண்டு, "நான் பாடறேன்" என்றாள். பிளஸ்ஸி முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது குரலுக்குப் போனாள். கீழ்க்குரலான பேஸ், பிரிட்டோ.

"டெனருக்கு ஆள் இல்ல" என்றான் பிரிட்டோ, கிட்டாரைப் பார்த்துக்கொண்டே.

டெனர் என்பது நடுவில் கிடக்கும் குரல். மேலே பாடுகிறவரை எல்லோரும் கேட்பார்கள், கீழே பாடுகிறவரைத் தரை கேட்கும். நடுவில் பாடுகிறவரை யாரும் கேட்பதில்லை. முப்பது வருஷ இசை வாழ்க்கையில் ஜெபசீலன் ஒரு தரமும் அதைப் பாடியதில்லை. அவர் போய் பிளஸ்ஸிக்கும் பிரிட்டோவுக்கும் நடுவே நின்றார். கையில் யாரோ ஒரு பாட்டுப் புத்தகத்தைத் திணித்தார்கள். பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை.

மாரி மெதுவாகத் தட்டினான், நடக்கிற வேகத்தில், அதிலும் பாரம் தூக்கி நடக்கிற வேகத்தில். ஜனங்கள் இழுத்தார்கள், அவனும் இழுத்தான். முதல் சரணம் முழுக்க ஜெபசீலனுக்குச் சுருதி சரியாகச் சேரவில்லை. இரண்டாவதில் சேர்ந்தது. அதன்பிறகு அந்த அறையில் எந்தக் குரல் அவருடையது என்று தனியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் சரணத்தின் பாதியில் மெட்டில்டாவின் பழைய ஹெட்மிஸ்ட்ரஸ், தொண்டு கிழவி, இரண்டு பேர் தாங்கிக்கொள்ள வாசலில் நின்று, "மெட்டி" என்று கூப்பிட்டாள். மாரியின் கை மேலே போய் அப்படியே நின்றது. ஜெரூஷா நிறுத்தினாள், கிட்டார் நின்றது. கிழவியைப் பெட்டிக்கு அருகே கூட்டிவந்தார்கள். அவள் கண்ணாடி மூடியைத் தடவித் தடவி, வகுப்பு எடுப்பதுபோல் நீளமாக ஏதோ பேசிக்கொண்டே அழுதாள். அது முடிகிற மாதிரி இருந்தது, முடியவில்லை. மறுபடி முடிகிற மாதிரி இருந்தது.

ஜெபசீலன் பாதிச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு, மாரியின் கை எப்போது இறங்கும் என்று பார்த்தபடி நின்றார்.